பழைய காருக்கு பிரேக் பாகங்கள்: எதில் சிக்கனம், எதில் கூடாது?



காலடிப்பேட்டை கடைத்தெருவில் இன்றும் சில கடைகளின் வாசலில் பழைய அம்பாசிடர் நிற்பதைப் பார்க்கலாம். சில வீடுகளில் தகப்பனார் வாங்கிய பத்மினி, துணி போர்த்தி, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே வரும். விற்க மனம் வராது; விற்றாலும் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. வண்டி ஓடுகிறது, நாமும் ஓட்டுகிறோம். ஆனால் இந்தக் கார்களைச் செய்த தொழிற்சாலைகள் மூடப்பட்டுவிட்டன. பத்மினி உற்பத்தி இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலேயே முடிந்தது. அம்பாசிடர் 2014 மே மாதத்தோடு நின்றது. எஞ்ஜினில் கோளாறு வந்தால் வண்டி நின்றுவிடும், அதோடு சரி. பிரேக்கில் கோளாறு வந்தால் வண்டி நிற்காது. எனவே பழைய காருக்குக் கட்டுப்படியான விலையில், நம்பத்தக்க பிரேக் பாகங்களை எப்படித் தேடி வாங்குவது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

நாம் பட்ட பாடு

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை நேரம். கொத்தவால் சாவடியில் பருப்பும் எண்ணெய் டின்னும் ஏற்றிக்கொண்டு எங்கள் கடை அம்பாசிடரில் திரும்பிக்கொண்டிருந்தோம். டோல்கேட் தாண்டியதும் முன்னால் போன டிரெய்லர் நின்றது. பிரேக்கை மிதித்தால் பெடல் தரையோடு போய் ஒட்டிக்கொண்டது. இரண்டாவது கியருக்கு மாற்றி, கைப்பிரேக்கை இழுத்து, டிரெய்லரின் பின்பக்கத்துக்கு ஒரு முழ தூரத்தில் வண்டி நின்றது. மணிக்கு 40 கிலோ மீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு விநாடியில் 11 மீட்டர் ஓடிவிடும். அன்று நமக்குக் கிடைத்தது அந்த ஒரு விநாடிதான்.

மறுநாள் மெக்கானிக் பாய் பின் சக்கரத்தைக் கழற்றினார். உள்ளே எல்லாம் ஈரம். வீல் சிலிண்டரில் இருக்கும் ரப்பர் கப் ஊறி, உப்பி, ஓரம் பிய்ந்திருந்தது. நான்கே மாதங்களுக்கு முன் மாற்றிய கப் அது. பெயரோ தேதியோ இல்லாத பொட்டலம். கடைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. "இருப்பதிலேயே விலை குறைந்ததைக் கொடுங்கள்" என்று கேட்டு வாங்கியது நாம்தான். அதில் மிச்சம் பிடித்த தொகை, ஒரு மூட்டை சர்க்கரையில் கிடைக்கும் லாபம்கூட இல்லை.

அன்று பாய் சொன்ன ஒரு வாக்கியம்தான் இந்தப் பாடத்தின் சாரம்: "அண்ணாச்சி, இரும்புல மிச்சம் பிடிங்க. ரப்பர்லயும் ஆயில்லயும் பிடிக்காதீங்க."

பிரேக் எப்படிப் பிடிக்கிறது?

பாகம் வாங்கப் போகுமுன் அதன் வேலையைச் சுருக்கமாகத் தெரிந்துகொள்ள வேண்டும். பெடலை மிதித்ததும் மாஸ்டர் சிலிண்டர் பிரேக் ஆயிலை அழுத்துகிறது. அந்த அழுத்தம் இரும்புக் குழாய் வழியாகவும், சக்கரத்துக்கு அருகே ரப்பர் ஹோஸ் வழியாகவும் ஒவ்வொரு வீல் சிலிண்டருக்கும் போகிறது. சிலிண்டரில் உள்ள பிஸ்டன் வெளியே தள்ள, பிரேக் ஷூ விரிந்து, அதில் ஒட்டியுள்ள லைனிங் சுழலும் டிரம்மின் உட்சுவரைப் பிடிக்கிறது. பலமாக மிதிக்கும்போது குழாய்க்குள் அழுத்தம் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 70 கிலோவுக்கு மேலேயே போகும். அதைத் தாங்கி நிற்பது கட்டைவிரல் அளவுள்ள ஒரு ரப்பர் கப்.

இப்போதைய கார்களில் இரட்டைச் சுற்று உண்டு. ஒன்று போனாலும் மற்றது பிடிக்கும். நம் பழைய வண்டிகள் பலவற்றில் ஒரே சுற்றுதான். நான்கு சக்கரத்தில் எந்த ஒரு கப் ஒழுகினாலும் நான்கு பிரேக்கும் போயிற்று. இதனால்தான் ரப்பரில் சிக்கனம் கூடாது என்கிறோம்.

பாகங்கள் இன்னும் கிடைப்பது ஏன்?

தொழிற்சாலை மூடிய காருக்குப் பாகம் எங்கே கிடைக்கும் என்று மலைக்க வேண்டாம். நாம் வசிக்கும் இடமே மோட்டார் தொழிலின் தொட்டில். 1948ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், நம் எண்ணூரில்தான் ஆஸ்டின் ஏ-40 கார்களைப் பூட்டி விற்றது. பின்னர் 1955ல் அது அசோக் லேலண்ட் ஆகி லாரித் தொழிலுக்குத் திரும்பியது. திருவொற்றியூரில் புல்லட் மோட்டார் சைக்கிள் உருவானதும் அதே 1950களில்தான். சென்னைக்குத் தெற்கே வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்டு கம்பெனி, 1980களின் இறுதியில் மூடும் வரை, ஹெரால்டு முதலிய கார்களைச் செய்தது.

கார் கம்பெனிகளுக்குப் பின்னாலேயே பாகக் கம்பெனிகளும் வந்தன. பாடியில் பிரேக்ஸ் இந்தியா 1962ல் ஏற்பட்டது, டி.வி.எஸ். குழுமத்தாரும் இங்கிலாந்தின் கிர்லிங் பிரேக்குக்கு உரிய லூகாஸ் நிறுவனத்தாரும் கூட்டாக நிறுவியது. ராணே குழுமத்தின் பிரேக் லைனிங் நிறுவனம் 1964ல் சென்னையில் ஆரம்பமானது. ஆக, கார் மறைந்தாலும், அந்தக் காருக்கு லைனிங்கும் சிலிண்டரும் செய்யத் தெரிந்த கைகள் இந்த ஊரிலேயே இருக்கின்றன. பழைய வண்டிகளின் பிரேக், ஒரே காருக்கென்று தனியாகப் படைக்கப்பட்டதும் அல்ல. கப், ஸ்பிரிங், ஹோஸ் போன்றவை அளவுப்படி செய்யப்பட்டவை. காரின் பெயரைச் சொன்னால் "இல்லை" என்று பதில் வரும் கடையில், அளவைச் சொன்னால் பல சமயம் கிடைக்கும்.

வெளிநாட்டிலும் இதே கதைதான். மோரிஸ் மைனர் கார் அதிகம் புழங்கிய இலங்கையில், 1990களில் அதன் பாகங்களைச் செய்து, அந்தக் கார் பிறந்த இங்கிலாந்துக்கே ஏற்றுமதி செய்தார்கள். எந்த ஊரில் ஒரு காரை விடாமல் ஓட்டுகிறார்களோ, அந்த ஊரில் அதன் பாகம் மலிவாகும்.

முதலில் நோய் என்ன என்று பாருங்கள்

வாங்காத பாகம்தான் எல்லாவற்றிலும் மலிவு. பிரேக் சரியில்லை என்றதும் முழு செட்டையும் மாற்றச் சொல்வார்கள். அதற்குமுன் கீழ்க்கண்டவற்றைக் கவனியுங்கள்:

1. பெடல் கீழே போகிறது. இரண்டு தடவை பம்ப் அடித்தால் பிடிக்கிறது. பெரும்பாலும் ஷூ அட்ஜஸ்ட் செய்தால் போதும். லைனிங் தேய்ந்திருக்கிறதா என்றும் பார்க்கவும்.

2. பெடல் பஞ்சு போல அமுங்குகிறது. உள்ளே காற்று புகுந்திருக்கிறது. ஏர் எடுக்க வேண்டும். காற்று எங்கே புகுந்தது என்பதையும் கண்டுபிடிக்க வேண்டும்.

3. மிதித்தபடியே வைத்திருந்தால் பெடல் மெல்ல இறங்குகிறது. வெளியே எங்கும் கசிவு இல்லை. மாஸ்டர் சிலிண்டர் கப் போய்விட்டது.

4. பிரேக் பிடித்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது. ஒரு சக்கரத்தின் லைனிங்கில் எண்ணெயோ கிரீஸோ பட்டிருக்கும்; அல்லது ஒரு சிலிண்டர் இறுகிப்போயிருக்கும்.

5. ஒரு சக்கரம் மட்டும் கொதிக்கிறது. பிஸ்டன் சிக்கியிருக்கலாம். ஹோஸ் உள்பக்கம் வீங்கி, போன ஆயிலைத் திரும்ப விடாமல் தடுப்பதாலும் இது வரும். வெளியே பார்த்தால் ஹோஸ் புதிது போலவே இருக்கும்.

6. இரும்பு உரசும் சத்தம். லைனிங் தேய்ந்து ரிவிட் டிரம்மைக் கிழிக்கிறது. ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

இரும்பு: புதுப்பித்துக்கொள்ளலாம்

சிக்கனத்துக்கு இடம் உள்ள இடம் இதுதான்.

பிரேக் ஷூ: இரும்பு ஷூ எளிதில் கெடாது. தேய்வது லைனிங் மட்டுமே. ஆகவே புது ஷூ தேடி அலைய வேண்டாம். நம் ஷூவையே கொடுத்துப் புது லைனிங் அடித்தோ ஒட்டியோ வாங்கலாம். ஷூ வளைந்திருக்கிறதா, வெல்டிங் விட்டிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளவும். ஒரே அச்சில் உள்ள இரண்டு சக்கரத்துக்கும் ஒரே கம்பெனி, ஒரே ரக லைனிங் போட வேண்டும். லைனிங்கின் ஓரத்தில் கம்பெனிக் குறியோடு 'எஃப்எஃப்', 'இஎஃப்' என்பது போல இரண்டு ஆங்கில எழுத்துகள் அச்சாகியிருக்கும். முதல் எழுத்து சாதாரண நிலையில் எவ்வளவு பிடிக்கும் என்பதையும், இரண்டாவது சூடேறிய பின் எவ்வளவு பிடிக்கும் என்பதையும் குறிக்கும். 'இ' என்றால் உராய்வு 0.25 முதல் 0.35 வரை, 'எஃப்' என்றால் 0.35 முதல் 0.45 வரை. எழுத்தே இல்லாத லைனிங்கை, பெயர் இல்லாத மிளகாய்த்தூளைப் போலவே கருத வேண்டும்.

டிரம்: உட்சுவரில் கோடு விழுந்தால் லேத்தில் கொடுத்து ஒரு கட் எடுத்தால் சரியாகிவிடும். நம் பகுதியில் லேத் பட்டறைக்குப் பஞ்சமில்லை. ஆனால் விட்டத்தில் சுமார் 1.5 மில்லி மீட்டருக்கு மேல் எடுக்கக் கூடாது என்பது பொதுவான கணக்கு. அதற்குமேல் எடுத்தால் டிரம் மெலிந்து, சூட்டில் விரிந்து, வெடிப்பு விடும். இடது டிரம்மில் எவ்வளவு எடுத்தோமோ, வலதிலும் அவ்வளவே எடுக்க வேண்டும். பழைய டிரம் வாங்குவதாயிருந்தால், காலிப்பர் வைத்து அளந்து, சுத்தியலால் லேசாகத் தட்டிப் பாருங்கள். நல்ல டிரம் மணி போல ஒலிக்கும். வெடித்த டிரம் சட்டி போல ஒலிக்கும்.

சிலிண்டர்: மாஸ்டர் சிலிண்டரோ வீல் சிலிண்டரோ, உள்ளே லேசான கறை மட்டும் இருந்தால் தேய்த்துச் சுத்தம் செய்து புதுக் கப் போடலாம். விரல் நகம் சிக்கும் அளவுக்குத் துருக்குழி விழுந்திருந்தால் தேய்த்துப் பயனில்லை. அப்போது துளையைப் பெரிதாக்கி, பித்தளை அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்லீவ் இறக்கி, பழைய அளவுக்கே கடைந்து கொடுப்பார்கள். சந்தையில் புதிது கிடைக்காத காருக்கு இது பெரிய உதவி. ஸ்லீவ் போட்ட சிலிண்டரில் துரு பிடிப்பதும் குறையும்.

ரப்பர்: எப்போதும் புதிது

கப், தூசி மறைப்பு, ஹோஸ் ஆகிய மூன்றும் வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் முதுமை அடைபவை. பழைய வண்டியிலிருந்து கழற்றிய ஹோஸ் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் தொடாதீர்கள். புதிதாக வாங்கும் ஹோஸையும் மடக்கிப் பாருங்கள். மேலே மயிரிழை போல வெடிப்பு தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பழைய காருக்குப் பாகம் தேடுபவர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. "அந்தக் காலத்து ஒரிஜினல் சரக்கு, சீல் உடைக்காதது" என்று பெட்டியோடு காட்டுவார்கள். இரும்புப் பாகமானால் தாராளமாக வாங்கலாம். ரப்பரானால் முப்பது வருடம் பழைய அப்பளம்தான் அது. ஒரிஜினல் என்பதில் பொய் இல்லை. காலாவதி ஆகிவிட்டது என்பதும் பொய் இல்லை.

நம் கடையில் விற்கும் பொட்டலத்தில் தயாரிப்பாளர் பெயர், முகவரி, மாதம், வருடம், அதிகபட்ச விலை, புகாருக்கான விவரம் ஆகியவை இல்லாவிட்டால், 2011ஆம் ஆண்டு பொட்டலப் பொருள் விதிகளின்படி அதிகாரிகள் நம்மைக் கேள்வி கேட்கிறார்கள். கடையில் சில்லறையாக விற்கும் பிரேக் கிட் பொட்டலமும் அந்தப் பார்வைக்கு உட்பட்டதே. நம்மிடம் பிறர் எதிர்பார்க்கும் அதே விவரத்தை, நாம் வாங்கும்போதும் தேடுவதில் தவறென்ன?

ஆயில்: சின்ன டப்பாவே சிக்கனம்

பிரேக் ஆயில் என்று பெயரே தவிர, அது எஞ்ஜின் ஆயில் போன்ற எண்ணெய் அல்ல. எஞ்ஜின் ஆயிலோ கியர் ஆயிலோ ஒரு மூடி அளவு கலந்தாலும் எல்லா ரப்பரும் ஊறிக் கெட்டுவிடும்.

டாட் 3, டாட் 4 என்ற இரண்டு ரகங்கள் புழக்கத்தில் உள்ளன. புதிய டாட் 3 குறைந்தது 205 டிகிரி வரையும், டாட் 4 குறைந்தது 230 டிகிரி வரையும் கொதிக்காமல் தாங்க வேண்டும். ஆனால் இவை காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டவை. சுமார் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் இந்த வரம்பு முறையே 140, 155 டிகிரியாக இறங்கிவிடும். சுமையோடு அடிக்கடி பிரேக் பிடிக்கும்போது ஆயில் கொதித்து ஆவியானால் பெடல் கீழே போய்விடும். கடற்கரையில் வாழும் நமக்கு ஈரத்துக்குக் குறைவில்லை. ஆகவே இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுதும் மாற்றிவிடுவது நல்லது.

பெரிய டின்னாக வாங்கினால் விலை குறையும் என்பது மளிகைக் கணக்கு. இங்கே அது செல்லாது. திறந்து வைத்த டின் நாளுக்கு நாள் ஈரம் குடிக்கும். தேவைக்கேற்ற சிறு டப்பா வாங்கி, மிஞ்சியதை ஒதுக்கிவிடுவதே உண்மையான சிக்கனம். மிகப் பழைய கார்களில் இயற்கை ரப்பர் கப் இருந்தால் இக்கால ஆயில் அதற்கு ஒத்துவராது. கப் அனைத்தையும் இக்கால ரப்பருக்கு மாற்றி, பழைய ஆயிலை முழுவதும் கழுவி வெளியேற்றிய பிறகே புதிய ஆயில் ஊற்ற வேண்டும்.

அளவு தவறினால் ஆபத்து

கப் வாங்கும்போது காரின் பெயரோடு சிலிண்டர் அளவையும் சொல்லுங்கள். பல கப்களின் மேலேயே அளவு அச்சாகியிருக்கும். அம்பாசிடர் போன்ற ஆங்கிலேய வழி வந்த கார்களில் அளவும் மரையும் அங்குலக் கணக்கு. இத்தாலிய ஃபியட் வழி வந்த பத்மினியில் மரை மில்லி மீட்டர் கணக்கு. ஓர் அங்குலம் என்பது 25.4 மி.மீ. 25 மி.மீ. கப்பை ஓர் அங்குல சிலிண்டரில் போட்டால் கைக்குச் சரியாகத் தோன்றும், அழுத்தத்தில் ஒழுகும்.

இன்னொரு கணக்கையும் பாருங்கள். ஒரு சக்கரத்தில் முக்கால் அங்குல சிலிண்டர், எதிர்ச் சக்கரத்தில் கிடைத்ததே என்று 7/8 அங்குல சிலிண்டர் பொருத்தினால், வித்தியாசம் அரைக்கால் அங்குலம்தானே என்று தோன்றும். ஆனால் விசை பரப்பளவைப் பொறுத்தது. அந்தப் பக்கம் சுமார் 36 சதவீதம் அதிகமாகப் பிடிக்கும். மழையில் பிரேக் அடித்தால் வண்டி சுழன்றுவிடும்.

இரும்புக் குழாய் துருப்பிடித்தால் பிரேக்குக்கென்றே உள்ள குழாயை மட்டுமே போட வேண்டும். ஃபிரிட்ஜ் வேலைக்கான செப்புக் குழாயை வளைத்துப் பொருத்தித் தருபவர்கள் உண்டு. அது அதிர்வில் இறுகி முறியும்.

எண்ணூரில் பூட்டிய ஆஸ்டின் ஏ-40 டெவன் போன்ற காரை வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதில் முன் சக்கரங்களுக்கு மட்டுமே ஆயில் பிரேக். பின் சக்கரங்களுக்குக் கம்பி இணைப்பு. பிற்கால மாடலின் பாகத்தை "ஆஸ்டின்தானே" என்று வாங்கினால் பொருந்தாது. கழற்றிய பாகத்தைக் கையில் எடுத்துப் போவதே உத்தமம்.

எங்கே வாங்குவது? எப்படி வாங்குவது?

காலடிப்பேட்டையில் மெட்ரோ ஏறி அரசினர் தோட்டம் நிலையத்தில் இறங்கினால், புதுப் பாகங்களுக்கு ஜெனரல் பாட்டர்ஸ் சாலையும், கழற்றிய பாகங்களுக்குப் புதுப்பேட்டையும் எட்டும் தூரம்தான். முதலாவதில் ரப்பர், ஆயில், லைனிங். இரண்டாவதில் டிரம், பேக் பிளேட், ஷூ, கைப்பிரேக் லிவர். இந்தப் பிரிவினையை மாற்றாமல் இருந்தால் ஏமாற்றம் குறையும். இணையத்திலும் இப்போது பழைய கார் பாகங்கள் விற்கிறார்கள். அளவும் தயாரிப்பு மாதமும் முன்கூட்டியே கேட்டு, திருப்பி அனுப்பும் வசதி இருந்தால் மட்டுமே வாங்கலாம்.

பில் இல்லாமல் வாங்காதீர்கள். கழற்றிய பாகத்துக்கும் பில் கேளுங்கள். அது எந்த வண்டியில் இருந்தது என்ற சங்கடம் பின்னால் வராது. மோட்டார் பாகங்களில் பெரும்பாலானவற்றுக்கு 28 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி., 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. பழைய விலைப்பட்டியலைக் காட்டினால் இதை நினைவூட்டுங்கள்.

ஒரு விஷயத்தில் நம் உறுப்பினர்கள் பலர் தவறு செய்கிறார்கள். ஓட்டுநர் உட்பட 13 பேருக்கு மேற்படாத பயணிகள் காரின் பழுதுச் செலவுக்குக் கட்டிய வரியை, சாதாரண மளிகை வியாபாரி உள்ளீட்டு வரி வரவாக எடுக்க முடியாது. சரக்கு வண்டியின் பழுதுச் செலவுக்கு எடுக்கலாம். காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்கு எதிலும் கிடையாது. அம்பாசிடர் பில்லையும் டெம்போ பில்லையும் ஒரே கட்டில் போட்டுவைத்துப் பிறகு சிக்கலில் மாட்டாதீர்கள்.

முதல் பதிவாகி 50 ஆண்டு கடந்த காரைப் பழம்பெரும் வாகனமாகத் தனி எண்ணோடு பதிவு செய்ய 2021ல் மத்திய அரசு விதி செய்தது. அப்படிப் பதிவான காரை வியாபாரத்துக்குப் பயன்படுத்த முடியாது. தினசரி ஓட்டவும் முடியாது. கடைக்குச் சரக்கு எடுக்கும் வண்டியை அந்தப் பதிவுக்கு மாற்றுமுன் யோசியுங்கள்.

உப்புக் காற்றும் வெள்ளமும்

நம் பகுதிக்கென்று தனிப் பிரச்சினை இரண்டு. உப்புக் காற்றில் குழாயும் டிரம்மும் சீக்கிரம் துருப்பிடிக்கும். நிறுத்தியே வைத்திருக்கும் காரில் லைனிங் டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். மாதம் இரு முறையாவது வண்டியை நகர்த்தி பிரேக்கை மிதித்து விடவும்.

மற்றொன்று வெள்ளம். 2023 டிசம்பர் புயல் மழையில் எண்ணூர் முகத்துவாரப் பகுதியில் எண்ணெய் கலந்த வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்ததை மறக்க முடியாது. வெறும் மழைத் தண்ணீர் டிரம்முக்குள் போனால் கழற்றிச் சேற்றைக் கழுவி உலர்த்தினால் போதும். எண்ணெய் ஊறிய லைனிங்கை பெட்ரோலில் கழுவினாலும் நெருப்பில் வாட்டினாலும் அது திரும்பப் பிடிக்காது. மாற்றியே ஆக வேண்டும். டிரம்மைத் திறக்கும்போது உள்ளே இருக்கும் தூசியை வாயாலோ காற்றுக் குழாயாலோ ஊதாதீர்கள். பழைய லைனிங்குகளில் கல்நார் கலந்திருந்தது. அது நுரையீரலுக்குக் கேடு. ஈரத் துணியால் துடைத்தெடுக்கச் சொல்லுங்கள்.

சேர்ந்து வாங்கினால் செலவு குறையும்

தனி ஒருவர் இரண்டு ஷூவுக்கு லைனிங் அடிக்கப் போனால் சொன்ன விலைதான். ஒரே மாடல் கார் வைத்துள்ள நாலைந்து பேர் சேர்ந்து போனால் லைனிங் கடையிலும் லேத் பட்டறையிலும் பேரம் பேசலாம். ஸ்லீவ் போடுவதற்கும் அப்படியே; ஒரே அளவில் பல சிலிண்டர் கொடுத்தால் பட்டறைக்கும் வேலை எளிது. ஒரு பழைய மாஸ்டர் சிலிண்டரையும் ஒரு ஜோடி டிரம்மையும் பொதுவில் வாங்கிவைத்தால், யாருடைய வண்டி பட்டறையில் நின்றாலும் வேலை நிற்காது. ஆனால் ரப்பரை மட்டும் சேர்த்து வைக்காதீர்கள். தேவைப்படும்போது வாங்கினால் போதும்.

கடைக்குக் கணக்கு நோட்டு இருப்பது போல வண்டிக்கும் ஒரு நோட்டு வையுங்கள். சிலிண்டர் அளவு, மரை அளவு, லைனிங் எழுத்து, ஆயில் மாற்றிய தேதி, ஹோஸ் மாற்றிய தேதி, டிரம்மில் எடுத்த கட் ஆகியவற்றை எழுதி வைத்தால், அடுத்த முறை கடையில் நின்று விழிக்க வேண்டியதில்லை.

பொருத்திய பின் சோதனை

வேலை முடிந்ததும் காசு கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடாதீர்கள். பெடலைப் பலமாக மிதித்து ஒரு நிமிடம் அப்படியே வைத்திருங்கள். மெல்ல இறங்கினால் எங்கோ கசிகிறது. நான்கு சக்கரத்தின் உட்பக்கத்தையும் டார்ச் அடித்துப் பாருங்கள். வெறிச்சோடிய தெருவில் 20 கிலோ மீட்டர் வேகத்தில் பிரேக் பிடித்து, வண்டி நேராக நிற்கிறதா என்று பாருங்கள். கைப்பிரேக் தனியாகப் பிடிக்கிறதா என்றும் சோதியுங்கள். எங்களைக் காப்பாற்றியது அதுதான். புது லைனிங் டிரம்மோடு படிய முதல் இருநூறு முந்நூறு கிலோ மீட்டர் ஆகும். அதுவரை சுமை ஏற்ற வேண்டாம். மறுநாளும் அதற்கடுத்த வாரமும் ஆயில் மட்டத்தைப் பார்க்கவும். ஊற்றிய ஆயில் குறைகிறது என்றால் அது எங்கோ போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள்.

நிறைவாக

நாம் வியாபாரிகள். பேரம் பேசுவது நம் பழக்கம். அதில் வெட்கம் இல்லை. டிரம்முக்குப் பேசுங்கள், லேத் கூலிக்குப் பேசுங்கள், லைனிங் அடிக்கும் கூலிக்குப் பேசுங்கள். கப், ஹோஸ், ஆயில் என்ற மூன்றில் மட்டும் பெயரையும் தேதியையும் பார்த்து, சொன்ன விலையைக் கொடுத்து வாங்குங்கள். வண்டியை நாமே ஓட்டுவதில்லை. பல நாட்களில் கடைப் பையன்தான் ஓட்டிப் போகிறான். கன்டெய்னர் லாரிகளுக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் நடுவே அவன் பிரேக்கை மிதிக்கும்போது, நாம் வாங்கிக் கொடுத்த பாகம்தான் அவனுக்குத் துணை.

இந்த வாரமே ஒரு மாலை நேரம் ஒதுக்கி, உங்கள் வண்டியின் நான்கு சக்கரங்களின் உட்பக்கத்தையும் பாருங்கள். ஈரம் தெரிந்தால் அன்றே வண்டியை நிறுத்திவிடுங்கள்.